துருவக் கரடி குறைந்ததா, கூடியதா? எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் பணக் கணக்கு

2022 டிசம்பரில் வந்த செய்தி இது. கனடாவின் மேற்கு ஹட்சன் வளைகுடாவில் துருவக் கரடிகள் ஐந்தே ஆண்டில் 27 சதவீதம் குறைந்துவிட்டன. 2016-இல் 842, 2021-இல் 618. ஆனால் அதே கடற்கரையில் வாழும், ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் வேட்டைக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது வேறு: ஊருக்குள் கரடி முன்பைவிட அதிகமாக வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் யாரோ ஒருவர் பொய் சொல்வதாகத் தோன்றும். அப்படி இல்லை. எந்த மாதத்தில், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் பறந்து எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆய்வுக்கு வந்த பணம்: எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, யார் கையிலிருந்து வந்தது.

அதனால் முதலில் எண், பிறகு பணம்.

618 என்பது தலையெண்ணிக்கை அல்ல

துருவக் கரடிகளைத் துணைக்கூட்டங்களாகப் பிரித்துக் கணக்கு வைப்பது வழக்கம். உலகில் 19 துணைக்கூட்டங்கள் என்பது நெடுநாள் கணக்கு. அவற்றில் 13 முழுவதுமாகவோ பகுதியாகவோ கனடாவில் உள்ளன. உலகக் கரடிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான்.

மேற்கு ஹட்சன் வளைகுடாவில் கடற்பனி கோடையில் முழுக்க உருகிவிடும். கரடிகள் கரையேறிக் காத்திருக்கும். அந்தச் சமயத்தில் விமானமோ ஹெலிகாப்டரோ சுமார் 120 மீட்டர் உயரத்தில் முன்கூட்டியே வரைந்த கோடுகளில் பறக்கும். முன் இருக்கையில் இருப்பவர்களும் பின் இருக்கையில் இருப்பவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியே பார்ப்பார்கள். முன்னால் இருப்பவர் தவறவிட்டு, பின்னால் இருப்பவர் கண்ட கரடிகள் எத்தனை என்பதிலிருந்து, இருவருமே தவறவிட்டவை எத்தனை இருக்கும் என்று கணக்கிடலாம். கோட்டிலிருந்து கரடி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். தொலைவு கூடக்கூடக் கண்ணில் படுவது குறையும், அதையும் சரிக்கட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது ஒரு மதிப்பீடு.

அந்த மதிப்பீட்டோடு ஒரு வீச்சும் வரும்: உண்மையான எண் இதற்குள் இருக்கக்கூடும் என்ற கீழெல்லையும் மேலெல்லையும். 2021-இன் 618-க்கு வீச்சு 385 முதல் 852 வரை. 2016-இன் 842-க்கு 562 முதல் 1,121 வரை. இரண்டும் பெருமளவு ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. தலைப்புச் செய்தியில் இந்த வீச்சு வருவதே இல்லை. வந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. அண்டையிலுள்ள தெற்கு ஹட்சன் வளைகுடாத் துணைக்கூட்டம் 2016-இல் 780 என்றும் 2021-இல் 1,119 என்றும் மதிப்பிடப்பட்டது. சில கரடிகள் எல்லைக்கோட்டைத் தாண்டி அங்கே கரையேறியிருக்கலாம். கோடு போட்டது மனிதர்கள். கரடிக்கு அது தெரியாது.

வீச்சைக் குறுக்க வேண்டுமானால் கூடுதல் கோடுகளில், கூடுதல் மணி நேரம் பறக்க வேண்டும். இங்கேதான் பணம் நுழைகிறது.

பணம் எதில் கரைகிறது: எரிபொருள்

கனடாவின் வடக்கில் இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் பிரதேசம் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்குப்படி மக்கள் ஏறக்குறைய 37,000 பேர், 25 ஊர்களில். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. சரக்குக் கப்பல் கோடையில் பனி விலகும் சில மாதங்களில்தான் வரும். மற்றதெல்லாம் விமானத்தில்.

ஆர்க்டிக்கில் உழைக்கும் குதிரை ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானம். சக்கரம், பனிச்சறுக்குக் கட்டை, இரண்டிலும் இறங்கும். மணிக்குச் சுமார் 300 லிட்டர் எரிக்கும். எரிபொருள் 205 லிட்டர் பேரல்களில் வரும்; நிறைந்த பேரல் ஒன்று ஏறக்குறைய 180 கிலோ. தூரம் போக வேண்டிய நடையில் ஐந்தாறு பேரலுக்கு மேல் ஏற்ற முடியாது. ஆய்வுப் பகுதி இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தால் போய்வர நான்கு மணி நேரம், 1,200 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட ஆறு பேரல். ஆறு பேரலைக் கொண்டுபோய் வைக்க ஆறு பேரல் எரிகிறது. விஞ்ஞானி ஒரு கரடியைக்கூடப் பார்க்கும் முன்பே இவ்வளவு செலவு.

எண்ணும் வேலையைச் செய்யும் ஹெலிகாப்டருக்கோ டாங்க் சிறியது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அது எங்காவது இறங்கி நிரப்ப வேண்டும். ஆகவே பறக்கும் கோடுகளின் ஓரமாக முன்கூட்டியே பேரல் கிடங்குகள் வைக்கப்படுகின்றன. வழக்கமாகப் பனி இறுகியிருக்கும் வசந்தத்தில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில், சறுக்குக் கட்டை பூட்டிய விமானம் இறங்கி வைத்துவிட்டு வரும். பேரலை நிமிர்த்தி வைக்கக் கூடாது. மேல்மூடியில் உருகிய நீர் தேங்கி, வெயிலும் குளிருமாக மாறும்போது மூடி வழியே உள்ளே உறிஞ்சப்படும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில் இருக்குமாறு, உள்ளே இருக்கும் எரிபொருளுக்குக் கீழே அமிழ்ந்திருக்குமாறு உருட்டி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட கிடங்கில் ஆகஸ்டில் ஹெலிகாப்டர் இறங்கினால், தண்ணீர் கலந்த எரிபொருளோடு நிற்க வேண்டியதுதான். காலிப் பேரல்களைத் திரும்பக் கொண்டுவரவும் ஒரு நடை உண்டு. பலர் திட்டச் செலவில் மறந்துவிடுவது அதைத்தான்.

இதற்கு மேல் மூடுபனி. ஹெலிகாப்டர் ஊரில் சும்மா நின்றாலும் ஒப்பந்தப்படி ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச மணி நேரக் கட்டணம் உண்டு. விமானிக்கும் பொறியாளருக்கும் தங்கும் செலவும் உண்டு. பத்து நாள் வேலைக்குப் பத்து நாள் பணம் மட்டும் கேட்டவர்கள் பாதிக் கோடுகளோடு திரும்புவார்கள். கோடுகள் பாதியானால் வீச்சு விரியும். அகன்ற வீச்சுகள் பிறக்க இதுவும் ஒரு காரணம்.

யார் கொடுக்கிறார்கள்

ஒரு துணைக்கூட்டத்தை முழுதாக எண்ணப் பல லட்சம் கனடா டாலர் ஆகும். ஒரே பையிலிருந்து அது வருவது அரிது.

நுனாவுட்டில் அடித்தளம் 1993-இல் கையெழுத்தான நுனாவுட் ஒப்பந்தம். அதன் 5-ஆவது பிரிவு நுனாவுட் வனவிலங்கு மேலாண்மை வாரியத்தை உருவாக்கியது. ஒன்பது உறுப்பினர்கள்: நால்வர் இனுயிட் அமைப்புகள் நியமிப்பவர்கள், நால்வர் மத்திய, பிரதேச அரசுகள் நியமிப்பவர்கள், ஒருவர் தலைவர். எத்தனை விலங்கைப் பிடிக்கலாம் என்ற மொத்த அனுமதி அளவைத் தீர்மானிப்பது இந்த வாரியம். அமைச்சர் அதை ஏற்கலாம், காரணம் சொல்லித் திருப்பியும் அனுப்பலாம். இதே வாரியத்திடம் ஆய்வு நிதிகளும் உள்ளன. ஒன்று அரசுத் துறைகளின் ஆய்வுக்கு. இன்னொன்று அரசு சாராதவர்களுக்கு. பல்கலைக்கழகங்களும் ஊர் வேட்டைக்காரர் சங்கங்களும் இதில் கேட்கலாம்.

மற்ற வழிகள்:

1. பிரதேச அரசின் சுற்றுச்சூழல் துறை. கரடி, காரிபூ (காட்டுக் கலைமான்) கணக்கெடுப்புகளைப் பெரும்பாலும் நடத்துவது இதுதான்.
2. மத்திய அரசின் துறைகள்: கடல் பாலூட்டிகளுக்கு மீன்வளத் துறை, பறவைகளுக்கும் கரடிகளுக்கும் சுற்றுச்சூழல் துறை.
3. போலார் கான்டினென்டல் ஷெல்ஃப் திட்டம். களவேலைக்குத் துணைநிற்கும் மத்திய அரசுத் திட்டம். 1958-இல் தொடங்கியது, நுனாவுட்டின் ரெசொலூட் ஊரில் தளம். ரொக்கத்தைவிட விமான மணி நேரம், எரிபொருள், முகாம் சாமான், ரேடியோ தொடர்பு என்று வேலையாகவே உதவும். பட்ஜெட் தாளில் இதைத் தனி இனமாகக் காட்டத் தெரியாதவர் திண்டாடுவார்.
4. இனுயிட் அமைப்புகளே நடத்தும் நிதி. கனடா இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீத் கனாதமி 2018-இல் தேசிய இனுயிட் ஆய்வுக் கொள்கையை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக, ஆர்க்டிக்நெட் என்ற ஆய்வு வலையமைப்போடு சேர்ந்து இனுயிட் வழிநடத்தும் ஆய்வு நிதித் திட்டம் ஒன்று வந்தது. எதை ஆராயலாம் என்று முடிவு செய்வதே இனுயிட் குழு என்பது இதன் புதுமை.
5. இயற்கைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனங்கள். தொகை சிறிது, விளம்பரம் பெரிது. கரடிக்குக் கொடுப்பார்கள், வாத்துக்கோ கடல்மீனுக்கோ கேட்டால் யோசிப்பார்கள்.

நாட்காட்டிச் சிக்கல்

கனடா அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஆர்க்டிக் களவேலைக்கு நல்ல காலமோ ஏப்ரல், மே: வெளிச்சம் உண்டு, பனி இன்னும் இறுகியிருக்கும், ஸ்னோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டியில் எங்கும் போகலாம். ஒப்புதல் கடிதம் மே மாதம் வந்து, ஜூனில் பணம் கணக்கில் ஏறினால் பனி நொறுங்கத் தொடங்கியிருக்கும். ஜூலையில் பனியில் போக முடியாது, படகும் ஓடாது. அந்த ஆண்டு போயிற்று. செலவழியாத தொகையைப் பெரும்பாலான அரசு ஒப்பந்தங்களில் அடுத்த ஆண்டுக்கு எளிதில் நகர்த்தவும் முடியாது. அதனால் பிப்ரவரியில் தேவையற்ற கருவிகளை அவசரமாக வாங்கித் தள்ளும் கூத்து நடக்கும்.

இதோடு அனுமதிகள் வேறு. 2023 வசந்தத்தில் களத்தில் இறங்க நினைத்தவருக்கு வரிசை ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

1. 2021 இலையுதிர் காலம்: ஊர் வேட்டைக்காரர் சங்கத்தோடு பேச்சு. ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் உண்டு. அதன் கூட்டத்தில் இடம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். போதிய உறுப்பினர்கள் வராமல் கூட்டம் தள்ளிப்போவதும் உண்டு. சங்கத்தின் ஆதரவு இல்லாமல் நிதியும் கிடைக்காது, அனுமதியும் கிடைக்காது.
2. 2022: நிதி விண்ணப்பங்கள், இனுயிட் மக்களின் இனுக்டிட்டுட் மொழியில் ஒரு சுருக்கத்தோடு. மொழிபெயர்ப்புக்குத் தனிச் செலவு.
3. நுனாவுட் திட்டமிடல் ஆணையத்தின் சரிபார்ப்பு, பிறகு சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு வாரியத்தின் பரிசீலனை. இந்தப் பரிசீலனைக்குச் சட்டப்படி 45 நாள். கேள்வி எழுந்தால் கூடும்.
4. பிரதேச அரசின் வனவிலங்கு ஆய்வு அனுமதி. கடல் விலங்கானால் மீன்வளத் துறை உரிமம். விலங்கைத் தொடுவதானால் விலங்கு நலக் குழுவின் ஒப்புதல். இனுயிட் நிலத்தில் கால் வைப்பதானால் நில அனுமதி.
5. 2022 கோடை: எரிபொருள் கப்பலில் ஏற வேண்டும். இதைத் தவறவிட்டால் எல்லாம் விமானத்தில், பல மடங்கு செலவில்.

ஐந்தாவது படிக்குப் பணம் வேண்டும்; ஆனால் ஒப்புதல் வந்தால்தான் பணம் வரும். அனுபவசாலிகள் இதனாலேயே பல ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள். முதல் ஆண்டை முழுக்கப் பேச்சுக்கும் எரிபொருளுக்கும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் ‘முதல் ஆண்டில் தரவு எதுவும் வராது’ என்று எழுதிய விண்ணப்பத்துக்கு மதிப்பெண் குறையும். நிதி வழங்குபவர்கள் வழக்கமாகக் கேட்பதும் ஆர்க்டிக்கின் இயல்பும் நேர் எதிராக நிற்கும் இடம் இது.

வேட்டைக்காரருக்குக் கூலி

உள்ளூர்க்காரரை வேலைக்கு வைத்தல் என்று ஒரு வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் உறவு கெடுகிறது.

பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு ரசீது பார்த்துப் பிறகு பணம் தரும். ஆனால் பனியில் நாலு நாள் போகும் வேட்டைக்காரர் பெட்ரோல், எஞ்சின் ஆயில், அடுப்புக்கு நாஃப்தா, சாப்பாடு எல்லாவற்றையும் புறப்படும் முன் வாங்க வேண்டும். வடக்கில் மளிகை விலை தெற்கைவிட மிக அதிகம். அந்தச் செலவை இரண்டு மாதம் தன் கைக்காசில் சுமக்கச் சொன்னால், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். தீர்வு எளிது. சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு முன்பணத்தை அதன் கணக்கில் செலுத்திவிடுவது. தினக்கூலி, ஸ்னோமொபைல் வாடகை, அதன் பின்னால் இழுத்துச் செல்லும் சறுக்கு வண்டி வாடகை மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுவது. வண்டி வாடகையைக் கூலிக்குள் சேர்த்தால், ஒரு பெல்ட் அறுந்தாலே அன்றைய வருமானம் போய்விடும். சங்கத்தில் கணக்கு எழுத ஒரே ஒரு மேலாளர்தான் இருப்பார். நான்கு ஆய்வுக் குழுக்களின் தாள்வேலை அவர் தலையில் விழும். அவருடைய நேரத்துக்கும் திட்டத்தில் பணம் ஒதுக்காதவர்கள், மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை.

ஆய்வு முறையையும் ஊர் மாற்றியது

பல பத்தாண்டுகளாகக் கரடிகளை ஹெலிகாப்டரில் துரத்தி மயக்க ஊசி போட்டு, காதில் அடையாள வில்லை மாட்டி, உதட்டுக்குள் எண் பச்சைகுத்தி, வயது கணிக்க ஒரு சிறு பல்லைப் பிடுங்கி, சிலவற்றுக்குக் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். பிறகு மீண்டும் பிடித்து, எத்தனை ஏற்கெனவே குறியிட்டவை என்று பார்ப்பது முறை. புள்ளியியலுக்கு நல்ல முறைதான். பிழைப்பு வீதம், குட்டி ஈனும் வீதம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்த இறைச்சியைத் தின்பவர்கள் இனுயிட் மக்கள். மருந்து ஏறிய விலங்கைத் தின்னலாமா என்ற கவலையும், விலங்கை இப்படி நடத்துவது மரியாதை அல்ல என்ற எதிர்ப்பும் வலுத்தன. சங்கங்கள் ஆதரவுக் கடிதம் தர மறுத்தன.

விளைவாக வான்வழிக் கணக்கெடுப்பு வந்தது. ஹட்சன் வளைகுடாவுக்கு வடக்கே உள்ள ஃபாக்ஸ் பேசின் கடற்பகுதியில் 2009, 2010 ஆண்டுகளில் நடந்த கணக்கெடுப்பு சுமார் 2,600 கரடிகள் என்று மதிப்பிட்டது. கரடியைப் பிடிக்காமலே சிறு ஈட்டியால் தோல் துணுக்கு எடுத்து மரபணுவால் அடையாளம் காணும் முறையும் வந்தது. இதில் இழப்பும் உண்டு. வானிலிருந்து எண்ணினால் எத்தனை என்று தெரியும். ஏன் குறைகிறது என்று தெரியாது. கரடியின் எடை, கொழுப்பு, குட்டிகளின் பிழைப்பு பற்றிய தகவல் மெலிகிறது. இந்த விலையைக் கொடுக்கலாம் என்பது ஊர்களின் முடிவு. அதைப் பிழை என்று சொல்ல அந்த இறைச்சியைத் தின்னாதவர்களுக்கு அதிக உரிமை இல்லை.

அலாஸ்கா: தாங்களே பணம் போட்டவர்கள்

பணம் யார் கையில் என்பது கேள்வியையே எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

1977-இல் சர்வதேச திமிங்கில வேட்டை ஆணையம் அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கு இருந்த போஹெட் திமிங்கிலத்தை வேட்டையாடும் விலக்குரிமையை ரத்து செய்தது. ஓரிரு ஆயிரமே எஞ்சியிருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் அச்சம். பனியின் விளிம்பில் மேடேறி நின்று, திறந்த நீர்ப்பாதையில் கடந்து போகும் திமிங்கிலங்களை எண்ணிச் சொன்ன கணக்கு அது. அந்தப் பூர்வகுடிகளில் வடக்கு அலாஸ்காவில் வாழும் இனூபியாத் வேட்டைக்காரர்கள் மறுத்தார்கள்: திமிங்கிலம் பனிக்கு அடியிலும் போகும், தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சுவிடும், கண்ணுக்குத் தெரியாத தொலைவிலும் போகும், நீர்ப்பாதையை மட்டும் பார்த்து எண்ணினால் எப்படி? அதே ஆண்டு அலாஸ்கா எஸ்கிமோ வேலிங் கமிஷன் என்ற தங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள்.

அவர்களிடம் இன்னொன்றும் இருந்தது: பணம். அலாஸ்காவின் வடகடற்கரையிலுள்ள பிரூடோ பேயில் 1968-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1972-இல் உருவான நார்த் ஸ்லோப் பரோ என்ற உள்ளாட்சி, எண்ணெய் நிறுவனங்களின் சொத்துக்கு வரி போட்டது. அந்த வருமானத்தில் தனக்கென வனவிலங்குத் துறை அமைத்து விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்தது. கால்நடை மருத்துவரான டாம் ஆல்பர்ட், திமிங்கில வேட்டைத் தலைவர் ஹாரி பிரவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோளாக எடுத்துக்கொண்டார். நீருக்கடி ஒலிவாங்கிகளைப் பனி வழியே இறக்கினார்கள். நீர்ப்பாதை மூடிக்கிடந்த நாட்களிலும் திமிங்கிலக் குரல் கேட்டது, தொலைவிலிருந்தும் கேட்டது.

அந்தத் திருத்தத்தோடு கணக்கு ஏறியது: 2001-இல் சுமார் 10,500, 2011-இல் ஏறத்தாழ 16,900. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏற்றம் முழுவதும் கணக்குத் திருத்தம் அல்ல. 1978 முதல் 2001 வரை கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.4 சதவீதம் உண்மையாகவே வளர்ந்தது.

வேட்டையால் பயனடைபவரே ஆய்வுக்குப் பணம் போட்டால் நம்பலாமா? நியாயமான கேள்வி. இங்கே நம்பகத்தன்மை வந்தது தரவைத் திறந்து வைத்ததால். முறை, எண், பிழை வீச்சு எல்லாம் சர்வதேச ஆணையத்தின் அறிவியல் குழு முன் ஆண்டுக்கணக்கில் வாதிக்கப்பட்டன. இதே கேள்வியைக் கரடியின் சரிவைக் காட்டி நன்கொடை திரட்டும் அமைப்புகளிடமும் கேட்கலாம்; அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை

பெரிய கணக்கெடுப்புக்கு இவ்வளவு செலவு என்பதால், ஒரு துணைக்கூட்டத்துக்கு மறுமுறை வர பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். அதுவரை பழைய எண்தான் ஆட்சி செய்யும்.

நுனாவுட்டின் மெக்லின்டாக் சேனல் என்ற கடற்பகுதியில் 1998 முதல் 2000 வரை நடந்த ஆய்வு, கரடிகள் நினைத்ததைவிட மிகக் குறைவு என்றது. 2001-இல் வேட்டை நிறுத்தப்பட்டது. பிறகு மிகச் சிறிய வேட்டை ஒதுக்கீடே திரும்பியது. ஜோவா ஹேவன் போன்ற ஊர்களுக்கு இறைச்சியும் போயிற்று, தோல் விற்ற காசும் வெளியூர் வேட்டையாளருக்கு வழிகாட்டிய வருமானமும் போயிற்று. அடுத்த முழு ஆய்வு 2014 முதல் 2016 வரை. அப்போது மதிப்பீடு 716. பழைய தரவை அதே முறையில் மறுபடி கணக்கிட்டால் 325. தடைதான் கூட்டத்தை மீட்டது என்று பாதுகாப்பாளர்கள் சொல்லலாம், அதில் நியாயம் உண்டு. ஆனால் மீட்சி எந்த ஆண்டில் நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. இடையில் எண்ணியிருந்தால் ஒதுக்கீடு சில ஆண்டுகள் முன்பே கூடியிருக்கலாம்.

இந்த இடைவெளியை மலிவாக நிரப்பும் முயற்சிகள் நடக்கின்றன. குவீன்ஸ் பல்கலைக்கழகமும் ஜோவா ஹேவன் வேட்டைக்காரர்களும் சேர்ந்து செய்வது, பனியில் கிடக்கும் கரடிச் சாணத்தைச் சேகரித்து, அதிலுள்ள மரபணுவால் எந்தக் கரடி, ஆணா பெண்ணா, என்ன தின்றது என்று அறிவது. ஹெலிகாப்டர் வேண்டாம், ஊசி வேண்டாம். ஸ்னோமொபைலும் உறைபெட்டியும் போதும். எளிதும் அல்ல. சாணம் பழசானால் மரபணு சிதைந்துவிடும். வேட்டைக்காரர் வழக்கமாகப் போகும் தடத்திலேயே சேகரித்தால் மற்ற இடங்கள் கணக்கில் வராது. அங்கேயும் போகச் சொன்னால் அதற்கும் பெட்ரோல் காசு தர வேண்டும். மாதிரியைத் தெற்கே அனுப்பும்போது விமானம் வழியில் இரண்டு நாள் நின்றுவிட்டால் உறைபெட்டி உருகிவிடும். இப்படிப்பட்ட சேகரிப்பு ஆண்டுதோறும் தொடர்ந்தால்தான் பயன். நிதியோ இன்னமும் மூன்றாண்டு, ஐந்தாண்டுத் துண்டுகளாகவே வருகிறது.